எண்ணெய் விலையும் என் மாமியாரும்

மார்ச் 3

குளிர்பெட்டி மறுபடி ஒழுகுகிறது. நான் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தபோது வட்டார மேலாளர் போன் செய்தார். சாலைக்கு அந்தப் பக்கம் எதிர்க்கடை திறந்ததிலிருந்து நம் சூப்பர்மார்க்கெட்டில் கூட்டம் பாதியாகிவிட்டதாம். காலியான கடையில் நின்றுகொண்டிருப்பவளிடம் இதைப் போன் போட்டுச் சொல்கிறார்! ஜூன் வரை பார்ப்பார்களாம். அதற்குள் வியாபாரம் நிமிராவிட்டால் கிளையை மூடிவிடுவார்களாம். "உங்கமேல நம்பிக்கை இருக்கும்மா" என்றார். அவர் இதே வார்த்தையைச் சொன்ன இரண்டு கிளைகள் போன வருடம் மூடப்பட்டன.

ஆறு பேரின் வேலை. கல்லாவில் இருக்கும் சுருட்டைமுடிக்கு இப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. என்னையும் சேர்த்தால் ஏழு. ஆனால் நான் மேனேஜராயிற்றே, எங்கே தூக்கிப் போட்டாலும் பிழைத்துக்கொள்வேன் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நானும் நம்புவதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசைமேல் எதிர்க்கடையின் பச்சைப் பை. என் மாமியார் அதை மறைக்கக்கூட இல்லை.

"அங்க ரொட்டி நல்லா இருக்கு" என்றார்.

இரண்டு கடைக்கும் ரொட்டி ஒரே பேக்கரியிலிருந்து, ஒரே வண்டியில் வருகிறது. எங்களுக்கு இறக்கிவிட்டுத்தான் அங்கே போகிறது. அதை விளக்கிச் சொன்னேன். "அப்படியா" என்று அத்தை இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

சொந்த வீட்டில் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்கத் தெரியவில்லை. ஊரைப் பிடிக்கப் போகிறேனாம்.

மார்ச் 5

இன்றும் பச்சைப் பை. முட்டை.

மார்ச் 10

உளவு பார்க்கப் போனேன். இதை எழுதாமலே விட்டுவிடலாமா? வேண்டாம், எழுதித் தொலைக்கிறேன்.

எதிர்க்கடையின் விலைகளைப் பார்த்துவர வேண்டும், ஆனால் என்னை யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் என் கணவரின் ரெயின்கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டேன். அவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர், எதற்கும் பதறாதவர். அவரே கேட்டார்: "ரெயின்கோட்டா? வெளிய வெயில் கொளுத்துதே." வேலைக்குப் போகிறவளை வழிமறித்துக் கேள்வி கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டால் விலைச்சீட்டு தெரியவில்லை. ஒவ்வொரு ஷெல்ஃபிலும் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்தேன். வாசலருகே நீளமாக ஒரு பெஞ்சு. வயதானவர்கள் வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மாமியார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

சும்மா வெளியே வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று ஒரு சோப்பு எடுத்துக் கல்லாவுக்குப் போனேன். அங்கிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்: "பை வேணுமா, மேனேஜர் மேடம்?"

அந்தக் கடை மேனேஜர் எப்போதும் டை கட்டியிருப்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே டை. அவர் வந்து எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். "மழை வர்றதுக்குள்ள போயிடுங்க" என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

நம் கடையிலும் ஒரு பெஞ்சு இருந்தது. சோப்புத்தூள் அடுக்க இடம் வேண்டும் என்று தலைமையகம் சொன்னது. பின்னறைக்குத் தள்ளிவிட்டேன். சொன்னதை உடனே செய்ததற்குப் பாராட்டுகூட வந்தது.

மார்ச் 16

எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

டை தினமும் காலையில் நம் கடைக்கு வந்து விலைச்சீட்டுகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறார். நம்மைவிடக் குறைவாக விற்க வேண்டும் என்பது அவருக்கு மேலிடத்து உத்தரவு. நமக்கும் அதே உத்தரவுதான். நாளைக்குச் சமையல் எண்ணெய்க்குப் பொய்யாகப் பாதி விலைச் சீட்டு ஒட்டப்போகிறேன். அவர் பார்த்துவிட்டுப் போனதும் கிழித்துவிடுவேன். அவர் ஓடிப்போய் அதற்கும் கீழே விலை வைத்து நஷ்டப்படட்டும். சுருட்டைமுடியிடம் சொன்னேன். "மேடம், எனக்கென்னவோ பயமா இருக்கு" என்றாள். சின்னப் பெண், வியாபார தந்திரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 17

டை வந்தார். படம் பிடித்தார். போனார். எல்லாம் நினைத்தபடி நடந்தது. சீட்டைக் கிழிக்கக் கையை நீட்டினேன் — போன். வட்டார மேலாளர். குளிர்பெட்டி ரிப்பேரைப் பற்றி அவர் பேசி முடிப்பதற்குள் சுருட்டைமுடி ஓடிவந்தாள்.

"மேடம், ஒரு அம்மா எண்ணெய அந்த விலைக்கே கேக்கறாங்க. பின்னாடி இன்னும் பத்துப் பேரு நிக்கறாங்க."

தவறாக ஒட்டிவிட்டோம் என்று சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் கல்லாவுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது: 'ஷெல்ஃபில் உள்ள விலையே விலை. இது எங்கள் வாக்கு.' அந்த வாசகத்தை எழுதியது யார்? நான்தான். ஏணி வைத்து மாட்டியதும் நான்தான்.

கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு பாட்டில்தான் என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.

மார்ச் 20

டை நம் விலைக்கும் கீழே இறக்கினார். அது தெரிந்ததும் தலைமையகம் நம் விலையை அதற்கும் கீழே இறக்கச் சொன்னது. அவர் மறுபடி இறக்கினார். இரண்டு பேரும் வாங்கிய விலைக்கு எவ்வளவோ கீழே விற்றுக்கொண்டிருக்கிறோம். யாராலும் நிறுத்த முடியவில்லை. யார் ஆரம்பித்தது என்று மேலே யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறப்பேனா?

ஆனால் கூட்டம்! வாசல் தாண்டி வரிசை. வட்டார மேலாளர், "எப்படிம்மா சாதிச்சீங்க?" என்றார். "வாடிக்கையாளர் மனச புரிஞ்சுக்கிட்டா போதும் சார்" என்றேன். இப்படியும் பேச எனக்கு வாய் வருகிறது.

அதைவிட முக்கியமான செய்தி: அத்தை இன்று நம் கடைக்கு வந்தார். எதிர்க்கடை திறந்த பிறகு முதல் முறையாக. அதுவும் சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு, போய்ப் போய் நான்கு தடவை வந்தார். கூடவே பெஞ்சுக் கூட்டாளிகள். இவ்வளவு நாள் இவரைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று பின்னறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 27

'இந்த மாதத்தின் சிறந்த கிளை.' சான்றிதழ் வந்தது. பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

ஏப்ரல் 14

கடையில் ஈ ஓட்டுகிறோம். இந்தப் பேட்டையில் எல்லோர் வீட்டிலும் எண்ணெய் இருக்கிறது, அடுத்த வருடம் வரை போதும். எண்ணெய்க்காக வந்தவர்கள் எண்ணெயோடு போய்விட்டார்கள். எதிரே டை தன் கடை வாசலில் தனியாக நிற்கிறார். நான் என் கடை வாசலில் தனியாக நிற்கிறேன். நடுவில் பஸ் போகிறது.

வட்டார மேலாளர் இப்போதுதான் கணக்கைப் பார்த்திருக்கிறார். "இது வியாபாரமா, தர்ம காரியமா?" என்றார்.

ஏப்ரல் 18

வீட்டில் பல்பு போய்விட்டது. மூலைக்கடைக்குப் போனேன். ஒற்றை அறைக் கடை. நாங்கள் இரண்டு பெரிய கடைகளும் அடித்துக்கொள்ளும் சண்டையில் இவர்தான் முதலில் நசுங்குவார் என்று நான் பரிதாபப்பட்ட கடை.

உள்ளே தரையிலிருந்து கூரை வரை எண்ணெய் பாட்டில்கள். பாதியில் நம் கடையின் மஞ்சள் ஸ்டிக்கர். மீதியில் எதிர்க்கடையின் பச்சை ஸ்டிக்கர்.

"இது எங்க எண்ணெய்" என்றேன்.

"காசு கொடுத்து வாங்கினதுங்க" என்றார் கடைக்காரர்.

"ஆளுக்கு ரெண்டுதானே கொடுத்தோம்?"

"ஆமாங்க. அதான் ஆளுங்க நிறைய தேவைப்பட்டாங்க. உங்க அத்தைதான் ஆள் பிடிச்சுக் கொடுத்தாங்க. பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க மொத்த பேரும் வந்தாங்க."

பல்பை வாங்காமலே வந்துவிட்டேன். இருட்டில் உட்கார்ந்து அத்தையிடம் கத்தினேன். "நான் வேலைய காப்பாத்த நாயா அலையறேன், நீங்க என் கடையையே காலி பண்ணியிருக்கீங்களே!"

"நீதானே நம்ம கடைல வாங்கலன்னு மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டிருந்த. அதான் வாங்கினேன்."

"அத்தை!"

"பாதி விலைன்னு எழுதிப் போட்டது நானா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி: "எனக்கு முட்டி வலிம்மா. உன் கடைல உக்கார எடம் இல்ல. அங்க இருக்கு. ரொட்டியெல்லாம் சும்மா சொன்னது."

மாதக்கணக்காக விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே வீட்டில் இருப்பவரின் முட்டியைப் பார்க்கவில்லை. கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. வெட்கம் மட்டும் போகவில்லை.

மே 8

மூடுகிறார்கள். இந்த மாதக் கடைசியில். எண்ணெய்க் கணக்கைப் பார்த்த பிறகு ஜூன் வரைகூடப் பொறுக்கவில்லை.

ஆறு பேரையும் நிற்க வைத்துச் சொன்னேன். பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு வரிக்கு மேல் வரவில்லை. பொய்ச்சீட்டு ஒட்டியது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர்கூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுருட்டைமுடி, "மேடம், நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு வேலை போகிறது, என்னைப் பற்றிக் கேட்கிறாள். குளிர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் குளிர் என்று சொல்லி மூக்கைத் துடைத்தேன்.

மே 21

டை சாலையைத் தாண்டி வந்தார். படம் பிடிக்கவில்லை. பிடிக்க ஷெல்ஃபில் எதுவும் இல்லை.

"உங்க ஆளுங்க ஆறு பேரையும் நான் எடுத்துக்கறேன்" என்றார். "உங்களுக்காகவும் கேட்டேன். ஒரு கடைக்கு ஒரு மேனேஜர் போதும்னு மேல சொல்லிட்டாங்க." டையைத் தளர்த்திக்கொண்டே, "எண்ணெய் விஷயத்துல எனக்கும் செம திட்டு" என்றார்.

எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அது பொய்ச்சீட்டு என்று. அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மேனேஜர்கள், காலியான கடையில், பைத்தியம் மாதிரி.

மே 31

கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். எதுவும் எடுக்கக் கூடாதாம். பின்னறையில் கிடந்த பெஞ்சை மட்டும் கேட்டேன். கணக்கிலேயே இல்லாத பொருள், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என் கணவர் அதைப் பயிற்சிக் காரின் தலைமேல் கட்டி எடுத்துவந்தார். காரில் ஒரு மாணவரும் இருந்தார்.

ஜூன் 12

"மூலைக்கடைல ஆள் வேணுமாம். உன்னப் பத்தி சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் அத்தை. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

ஜூலை 2

இப்போது மூலைக்கடைக் கல்லாவில் நான். வாசலில் பெஞ்சு போட்டாகிவிட்டது. அத்தையும் கூட்டாளிகளும் இடம் மாறிவிட்டார்கள். உட்கார வருகிறவர்கள் ஏதாவது வாங்காமல் போவதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சூப்பர்மார்க்கெட் மூட வேண்டியிருந்தது.

என் பழைய கடைக்கட்டடத்தில் வேறொரு கம்பெனியின் பெரிய சிவப்புப் பலகை ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் திறப்பார்களாம்.

மத்தியானம் ஒருவர் தலையில் ஹெல்மெட்டோடு கடைக்குள் வந்தார். வாசலில் பைக் எதுவும் இல்லை. கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விலைகளைப் படித்தார். போனை எடுத்தார், உள்ளே வைத்தார். கடைசியில் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். ஹெல்மெட்டுக்குக் கீழே டை தெரிந்தது.

"பை வேணுமா, மேனேஜர் சார்?" என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை. சிவப்புப் பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "எங்க கிளைய டிசம்பர் வரைக்கும் பாக்கறாங்களாம்" என்றார்.

கேலி செய்ய எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க" என்றேன்.

வெளியே பெஞ்சில் அத்தை தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டார்.