ஒட்டிக்கொண்ட இரண்டு அட்டைகள்

2-1-89, திங்கள்

நல்ல பனி. பஸ் ஜன்னல் எல்லாம் வியர்த்துக் கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி ராஜபாளையம் வரும் வரை நின்றுகொண்டே பயணம்.

முதலாளி எல்லோருக்கும் டைரி கொடுத்தார். என்னோடு துணி மடிக்கிற மு.மாரி அதில் கோலம் வரையப் போகிறாளாம்.

நேற்று கோயிலில் வாக்குத்தத்த அட்டை எடுத்தது. வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் வசன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடி ஒன்று எடுக்க வேண்டும். வருஷம் முழுக்க அதுதான் நமக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை. தட்டை நீட்டியது சபை மூப்பர் தேவதாஸ் அண்ணாச்சி. எங்கள் பேண்டேஜ் யூனிட்டில் சூப்பர்வைசரும் அவர்தான். இந்த வேலையே அவர் சொல்லிக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் இரண்டு அட்டை. மை காயாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நீ போகிற இடமெல்லாம் கூட வருவேன் என்கிற மாதிரி ஒன்று. உன்னை இங்கேயே நட்டு வைப்பேன், யாரும் பிடுங்க முடியாது என்கிற மாதிரி இன்னொன்று.

ஆக, போகவா, இருக்கவா?

வீட்டில் இவருக்கு ஒரே சிரிப்பு. "ஆளுக்கு ஒண்ணுதான் ரூபி. இதுல கள்ள அட்டை எது?"

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சீயக்காய், பையனுக்கு ஸ்லேட்டுக்குச்சி.

3-1, செவ்வாய்

ஐயரிடம் போய்க் கேட்டேன். பாவம், பாதிரியாருக்கே இது புதுசு. தாடியைத் தடவிக்கொண்டு, "ஒண்ணைத் திருப்பிக் குடுத்துரும்மா" என்றார். எதை என்று கேட்டால், "ஜெபம் பண்ணிப் பாரு."

விடியுமுன் எழுந்து முழங்காலில் நின்றேன். பெரிய கோயில் ஸ்பீக்கரில் மார்கழிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. என் ஜெபமும் அதே தாளத்தில் போகத் தொடங்கியது. பதில் ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப் போனதுதான் மிச்சம்.

4-1, புதன்

ஆவிப்பெட்டி கெட்டுப்போயிற்று. மடித்துக் கட்டிய துணியை எல்லாம் அதற்குள் வைத்து நீராவியில் வேக விட்டால்தான் கிருமி சாகும். கதவு வாஷர் கிழிந்து ஆவி வெளியே போகிறது. புது வாஷர் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமாம். மதுரை மொத்தக் கடைக்காரர் அவசரமாகச் சரக்குக் கேட்கிறார்.

அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். "ரூபி, முத்திரையைப் போட்டுரும்மா. இந்த ஒரு தடவைதான்."

‘கிருமி நீக்கியது’ என்கிற ஊதா முத்திரை என் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளியே கூப்பிட்டு, "வேதக்காரப் பிள்ளை, பொய் சொல்லாது, அது கையில இருக்கட்டும்" என்று கொடுத்தது. அன்றைக்கு எவ்வளவு பெருமை.

குத்தினேன். மறுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அண்ணாச்சி சொன்னார், குத்தினேன். அவ்வளவுதான்.

5-1, வியாழன்

லாரி போய்விட்டது. நான் குத்திய சரக்கு எல்லாம் அதில்.

சோறு இறங்கவில்லை. பையன் பிறந்தபோது எனக்கு வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்கள். அந்தப் புண்ணில் வைத்த துணிக்கும் எவளோ ஒருத்தி முத்திரை குத்தியிருப்பாள். அவள் யார், எப்படிப்பட்டவள் என்று நான் விசாரிக்கவில்லை. நம்பிப் படுத்துக் கிடந்தேன். இத்தனை வருஷம் இதைத் துணி மடிக்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

இவரிடம் சொன்னேன். மில்லில் இவருக்கு வாரத்தில் பாதி நாள்தான் ஷிப்டு. பையனுக்குப் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "வேலை போனா போவட்டும்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு ரூபி. வாய் வர மாட்டேங்குது."

எனக்கும் வரவில்லை. வேலையை விட்டுவிட்டால் நான் தப்பித்தேன். ஆனால் முத்திரை வேறு ஒருத்தி கைக்குப் போகும். இருந்தால் குத்த வேண்டும். அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டும் நல்ல வார்த்தைதான், எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

6-1, வெள்ளி

மு.மாரியிடம் அட்டை விஷயம் சொன்னேன். "எங்க கோயில்ல பூக் கேட்டா செவப்பா வெள்ளையான்னு ஒண்ணுதான் வரும். உங்க சாமி தாராளமா ரெண்டு குடுத்திருக்கு. வச்சுக்கிட வேண்டியதுதான? இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

மத்தியானம் அடுத்த சரக்கு வந்தது. வாஷர் வரவில்லை.

நான்: அண்ணாச்சி, நான் குத்தலை.

அவர்: என்னம்மா, கை வலியா?

நான்: இல்ல. பயமா இருக்கு.

அவர்: அதுக்கு ஜெபம் பண்ணணும்.

நான்: பண்ணிட்டுத்தான் சொல்லுதேன்.

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "அப்ப வீட்டுக்குப் போ."

"போகலை அண்ணாச்சி. வெட்டுதேன், மடிக்கேன், கூட்டிப் பெருக்கச் சொன்னாலும் பெருக்குதேன். பெட்டி சரியாகுற வரைக்கும் முத்திரை மட்டும் வேண்டாம்."

தைரியசாலி மாதிரி ஒன்றும் பேசவில்லை. மூக்கு ஒழுகி, மடித்த துணியிலேயே துடைத்துவிட்டேன். மு.மாரி அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். "இதுல நிச்சயமா கிருமி இருக்கு."

முத்திரையை அவளிடம் நீட்டினார். "எனக்கு எழுத்து தெரியாது அண்ணாச்சி, தலைகீழா குத்திருவேன்" என்றாள். வாராவாரம் தொடர்கதை படித்து எங்களுக்குக் கதை சொல்கிறவள்.

கடைசியில் அவரே உட்கார்ந்து குத்தினார்.

செய்தது விசுவாசமா, கிறுக்கா? தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது மட்டும் செத்த நேரம் மனசு லேசாக இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

7-1, சனி

போனேன். உள்ளே விட்டார்கள். பெருக்கினேன். நேற்று அவர் குத்திய சரக்கு சுவரோரம் அப்படியே இருக்கிறது, லாரி வரவில்லை. அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவர்.

துணி துவைக்கவில்லை. தலைவலி.

8-1, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. அண்ணாச்சி காணிக்கைப் பையோடு வந்தார். கட்டைவிரலில் ஊதா மை இன்னும் போகவில்லை. பையை எனக்கு நீட்டும்போது விரலை மடக்கிக்கொண்டார்.

யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் அப்பமும் திராட்சரசமும் வாங்கக்கூடாது என்பது எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் நான் எழுந்திருக்கவில்லை. இவர் போகும்போது திரும்பிப் பார்த்தார், வரவில்லை என்று தலையாட்டினேன். வரிசை வரிசையாக எல்லோரும் பீடத்துக்குப் போனார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால், ஆண்கள் பக்கம் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறது. மூப்பர்.

வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது. எழுந்து அவரிடம் போகலாம் என்று நினைக்கும்போதே அவர் நடுப்பாதையைக் கடந்து என் பெஞ்சுக்கு வந்துவிட்டார். மெதுவாகத்தான் பேசினார்.

"யூனிட்ல கெடக்கிற சரக்கைப் பிரிச்சிரலாம். மதுரைக்குப் போனதுக்கு என்ன செய்ய?"

"தெரியலை அண்ணாச்சி. அதுல குத்தினது நான்."

"குத்தச் சொன்னது நான். நாளைக்குக் காலம்பற பாசஞ்சர்ல போறேன். கடைக்காரர்ட்ட உள்ளதைச் சொல்லித் திருப்பி எடுக்கணும். முதலாளி என்னைய வச்சிருப்பாரோ என்னவோ." ஊதாக் கட்டைவிரலைத் தேய்த்தார். "தனியாப் போக எனக்கு ஏலாது. நீயும் வாரியா?"

"வாரேன். எங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிடுதேன்."

எப்படிச் சொன்னேன்? யோசிக்கவே இல்லை.

அதற்குள் கடைசி வரிசையும் திரும்பிவிட்டது. ஐயர் தட்டை வெள்ளைத் துணியால் மூடப் போனார். "ஐயரே, செத்த நேரம் பொறுங்க" என்று ஒரு சத்தம். என் சத்தம்தான். சபையில் வாய் திறந்து ஒரு பாட்டு நம்பர் கூடச் சொன்னதில்லை நான்.

இரண்டு பேரும் போய் முழங்கால் போட்டோம். பக்கத்தில் அந்த ஊதா விரல் அப்பம் வாங்க நீண்டது. என் கையும்தான்.

பையனை மு.மாரி வீட்டில் விட வேண்டும். இட்லிக்கு மாவு இருக்கிறது. மதுரையில் என்ன பேசப் போகிறோம் என்று இவர் கேட்கிறார்.

எந்த அட்டையைத் திருப்பிக் கொடுப்பது என்று அண்ணாச்சியிடம் கேட்க மறந்தே போனேன். ரயிலில் கேட்டுக்கொள்ளலாம்.