பதிவாகாத இருபது நிமிஷம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த வீட்டின் வருங்கால நலவாழ்வுப் பயிற்சியாளராகிய என் கணவர் அவர்களின் முதலும் கடைசியுமான வாடிக்கையாளர், அதாவது நான், வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஃப்ரிட்ஜில் சூப் இருக்கிறது. சூடு பண்ணிக் குடியுங்கள். "உனக்குள்ள இப்ப என்ன தோணுது?" என்று அதனிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஆன்லைன் காலேஜ் சொல்லிக்கொடுத்தபடி, புத்திமதி சொல்லாமல், குறுக்கே பேசாமல், நேற்று இருபது நிமிஷம் நான் சொன்னதைக் கேட்டீர்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இதுவே முதல் தடவை. மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்?

"ஐயையோ, ரெக்கார்டிங் பட்டனை அழுத்தவே இல்லையே! இன்னொரு தரம் முதல்லேர்ந்து சொல்லும்மா. அந்த அழுகையும் அப்படியே வரட்டும், அதுக்குத் தனி மார்க்கு!"

அப்போது கதவு படாரென்று சாத்திக்கொண்டது காற்றால் அல்ல.

இன்று ஆறு மணிக்குள் காலேஜுக்குப் பதிவை அனுப்பாவிட்டால் உங்கள் ஆறு மாதப் படிப்பும் போச்சு என்று எனக்கும் தெரியும். அதனால் எனக்குப் பதிலாக உங்களிடம் மனம்விட்டுப் பேச, கீழ் வீட்டுத் தையற்காரரை நாலு மணிக்கு வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

பி.கு.: தையற்காரர் வேண்டாம். அந்த மனுஷர் வாயில் எப்போதும் குண்டூசி. நாலு மணிக்கு நானே வருகிறேன். நேற்று கேட்ட மாதிரியே கேளுங்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

இன்னொன்று: அழுகையை எதிர்பார்க்க வேண்டாம். நேற்று எனக்கு ஜலதோஷம்.