போத்தனூர் வாசலில் நின்றுபோன வண்டி

சம்பந்தி அவர்களுக்கு,

இன்று காலை வண்டியின் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். வெயிலில் நின்ற வண்டி. குப்பென்று பெட்ரோல் வாசம் முகத்தில் அடித்தது. கூடவே நீங்கள் வந்துவிட்டீர்கள். அந்த வாசத்தோடு வேறு யாரும் எனக்கு வருவதில்லை.

நான் எழுதுகிறேன் என்றால் நம்பமாட்டீர்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்குப் பாடம் நடக்கிறது. பெயர் எழுதப் பழகி, பஸ் போர்டு படித்து, இப்போது மடல் எழுதுவது வரை வந்திருக்கிறேன். யாருக்காவது எழுதிக்கொண்டு வாருங்கள் என்று டீச்சரம்மா சொன்னார். பக்கத்தில் உட்காரும் அம்மாள் தண்ணீர் வரவில்லை என்று பஞ்சாயத்துக்கு எழுதினார். நான் சம்பந்திக்கு எழுதுகிறேன் என்றேன். எந்த ஊர் என்று டீச்சரம்மா கேட்டார். ஆனைமலை, ஆனால் அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றேன்.

"உசுரோட இருக்கறவங்களுக்கு எழுதுங்கய்யா."

"அவங்களுக்கெல்லாம் போன் இருக்குதுங்களே அம்மணி."

டீச்சரம்மா சிரித்துவிட்டு, சரி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி முடிந்ததும் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததே அங்கே இருக்கிறது. அதில் எனக்கு வருகிற சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் நீங்கள். என் மகள் சரசுவுக்கும் உங்கள் மகன் குமரேசனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். சூலூர்ப் பக்கம் இருந்த உங்கள் சொந்தங்களுக்குப் பத்திரிகை வைக்க, வழி தெரிந்தவன் என்று நான் என் வண்டியில் உங்களை ஏற்றிக்கொண்டு போனேன். முதல் வீட்டு வாசலில் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நான் திருதிருவென்று முழித்தேன். நீங்கள் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வீட்டிலிருந்து, வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே உறையில் இருந்த பெயரைச் சத்தமாகப் படித்து, "இவரு எனக்குப் பெரியப்பன் மகனுங்க" என்று ஏதோ கதை சொல்வதுபோல் ஆரம்பித்துவிடுவீர்கள். கடைசி வீடு வரை அப்படித்தான்.

அந்தப் பயணத்தில் உங்களிடம் எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று, டீ. நல்லா ஓடிக்கொண்டிருக்கும்போது தோளைத் தொட்டு, "ஏனுங்க சம்மந்தி, ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்களா?" என்பீர்கள். இப்போதுதானே குடித்தோம் என்று நினைத்துக்கொண்டே நிறுத்துவேன். மனுஷனுக்கு டீ என்றால் உயிர் போலிருக்கிறது என்று சரசுவின் அம்மாவிடம்கூடச் சொன்னேன். அவளும் நீங்கள் வரும்போதெல்லாம் சொம்பு நிறைய டீ போட்டு வைப்பாள். நீங்கள் பாதி குடித்து மீதியை வைத்துவிடுவீர்கள்.

என் வண்டியின் டேங்க் சின்னது. நிறையப் போட்டாலும் கோயம்புத்தூர் போய் வந்து, மறுநாள் சந்தைக்குப் போய் வந்தால் விக்கித் திணற ஆரம்பித்துவிடும். எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முள் கிடையாது. டேங்கின் அடியில் கொஞ்சம் தனியாகக் கிடக்கும், அதுதான் ரிசர்வ். வண்டி விக்கினால் இடது காலுக்கு மேலே இருக்கும் குழாயைத் திருப்ப வேண்டும், அந்தக் கொஞ்சம் இறங்கும். குழாயைத் திருப்புகிற காது கீழே பார்த்தால் சாதாரண ஓட்டம். மேலே பார்த்தால் ரிசர்வ். குறுக்கே நின்றால் அடைத்திருக்கிறது. பெட்ரோல் போட்ட உடனே மறக்காமல் காதைக் கீழே திருப்பி வைக்க வேண்டும். அதை மறந்தால் அடுத்த தடவை கைகொடுக்க ரிசர்வ் என்று ஒன்று இருக்காது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் மறப்பேன்.

உங்களுக்கு மறதி என்பதே இல்லை. ஆனைமலைப் பக்கம் தோப்புத் தோப்பாகப் போய்த் தேங்காய் விலை பேசுகிற தொழில். பெட்ரோல் பங்கு ஒரு மூலையில் இருக்கும், தோப்பு ஒரு மூலையில் இருக்கும். காலையில் டேங்கை ஒரு ஆட்டு ஆட்டி, அலம்புகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எந்தத் தோப்பு வரை போகலாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்று உங்கள் ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

குமரேசனும் சரசுவும் சூலூரில் தனிக்குடித்தனம் இருந்தார்கள். அவர் தறிக்குப் போனார். கைக்குழந்தை ஒன்று. என்னவோ பேச்சு வளர்ந்து, சரசு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் போகமாட்டேன் என்றாள். அவர் கூப்பிடமாட்டேன் என்றார். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. பேசிப் பார்க்கலாம் என்று நீங்கள் ஆனைமலையிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம், குமரேசனோடு தறி ஓட்டுகிறவர் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "குமரேசன் பையத் தூக்கிட்டுப் போத்தனூரு போயிட்டானுங்க. வடக்க மில்லு வேலையாமா. ரயிலு சாயங்காலமுங்க. இனி இந்தப் பக்கமே வர்றதில்லைன்னு சொல்லிப்போட்டானுங்க."

சரசு உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையை இறக்கிவிடாமல் தூணைப் பிடித்து நின்றாள். அந்த ரயில் போய்விட்டால் இந்த இரண்டு பிடிவாதக்காரர்களும் சேரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் வண்டியை எடுத்தேன். நீங்கள் பின்னால் ஏறினீர்கள்.

சிங்காநல்லூர் வந்தது. தோளைத் தொட்டீர்கள்.

"ஏனுங்க சம்மந்தி, ஒரு டீ குடிச்சுப்போட்டு..."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை கோபம். "டீ குடிக்கற நேரமுங்களா இது? பையன் ரயிலேறிப் போறானுங்க!"

"அதுக்கில்லீங்க..." என்று இழுத்தீர்கள். வெள்ளலூர் தாண்டியதும் வண்டி விக்கியது. குழாயைத் தொட்டேன். காது மேலே பார்த்துக்கொண்டிருந்தது. போன தடவை பெட்ரோல் போட்டவன் திருப்பி வைக்கவில்லை. அப்படிப் போட்டவன் நான்தான். ஓடியது எல்லாமே ரிசர்வையும் சேர்த்துத்தான் ஓடியிருக்கிறது. வண்டி நின்றது. முன்னாலும் பங்கு இல்லை, பின்னாலும் இல்லை.

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். "அந்த டீக்கடைக்குப் பக்கத்துல ஒரு பங்கு இருந்துச்சுங்க" என்றீர்கள் மெதுவாக.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்திரிகை வைக்கப் போனபோது நீங்கள் கேட்ட ஒவ்வொரு டீயும் ஒரு பங்குக்குப் பக்கத்தில்! நீங்கள் டீ சொல்லப் போனதும், சும்மா நிற்பானேன் என்று நானே பெட்ரோல் போட்டிருக்கிறேன்.

"பெட்ரோல் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?"

"பொண்ணு கொடுத்த சம்மந்திய, உங்க வண்டியில பெட்ரோல் இல்லீன்னு எப்படிங்க சொல்றது? மரியாதையா இருக்குதுங்களா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டினீர்கள். "புடிங்க, இடது பக்கமாச் சாய்க்கலாம். டேங்குக்கு அடியில நடுவுல மேடு இருக்குதுங்க. குழாய் இந்தப் பக்கம். அக்கட்டால கொஞ்சம் தேங்கி நிக்கும்." இருவருமாக வண்டியைப் படுக்கவைத்தோம். டேங்குக்குள் களக் களக்கென்று ஒரு சத்தம் மேடு தாண்டி வந்தது. என் வாழ்நாளில் அத்தனை இனிப்பான சத்தத்தைக் கேட்டதில்லை. நிமிர்த்தி உதைத்தீர்கள். வண்டி பிடித்துக்கொண்டது.

"நான் ஓட்டறனுங்க. நீங்க பின்னால உக்காருங்க. வேட்டியத் தொடைக்கடியில செருகிக்கோங்க, காத்துப் புடிக்குது."

என் வேட்டி பிடிக்கிற காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் போகும் என்று கணக்குப் போட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆக்சிலேட்டரை முறுக்காமல், பிரேக் தொடாமல், ஒரே சீராகப் போனீர்கள். இறக்கம் வந்தால் முறுக்கை முழுக்க விட்டுவிடுவீர்கள். மாட்டுவண்டி குறுக்கே வந்தால் தூரத்திலேயே பார்த்து, நிற்காமல் போகும்படி மெதுவாக்குவீர்கள். "கொஞ்சம் வேகமாப் போனா என்னுங்க?" என்று கெஞ்சினேன். "வேகமாப் போனா பாதி தூரங்க. இப்படிப் போனா முழுத் தூரங்க" என்றீர்கள், திரும்பாமலே. உங்கள் முதுகு ஒரு பதற்றமும் காட்டவில்லை. போவது உங்கள் ஒரே மகன்.

ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும் வண்டி இரண்டு தடவை விக்கி நின்றது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். இருந்தாலும் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்களே என்று உங்களைக் கும்பிடத் தோன்றியது.

குமரேசன் பிளாட்பாரத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"கூட்டிட்டுப் போகத்தான வந்தீங்க? நான் வரலீங்க."

"அட நீ போறதுன்னா போ கண்ணு, யாரு வேண்டாம்னா?" என்றீர்கள். "வாசல்ல வண்டி நின்னுபோச்சு. சொட்டுப் பெட்ரோல் இல்ல. உங்க மாமனாருக்கு முட்டி வலி, எனக்கு மூச்சு வாங்குது. பங்கு வரைக்கும் தள்ளிக் குடுத்துப்போட்டு வந்து ஏறிக்கோ."

"ரயில் வருதுங்கப்பா!"

"சரி, அப்பப் போ. நாங்க எப்படியோ தள்ளிக்கறோம். நடங்க சம்மந்தி." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தீர்கள். நானும் நடந்தேன். இதுக்கா வந்தோம்?

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. "ரெண்டு பேருக்கும் இத்தன வயசாச்சு, பெட்ரோல் பாத்து வண்டி எடுக்கத் தெரியாதுங்களா?" என்று கத்திக்கொண்டே வந்து ஹேண்டிலைப் பிடித்தார். நீங்கள் அவர் தோளிலிருந்து பையைச் சத்தமில்லாமல் வாங்கி உங்கள் தோளில் போட்டுக்கொண்டீர்கள். அவர் தள்ளினார். எங்களைத் திட்டினார். மறுபடியும் தள்ளினார். ரயில் வந்து நின்று ஊதியது. கொஞ்சம் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னைவிட வேகமாகத் தள்ளினார்.

நான் இடது பக்கம் சீட்டைப் பிடித்தபடி நடந்தேன். அப்போது என் கண் குழாயின் மேல் விழுந்தது. காது குறுக்கே நின்றது.

வண்டி குலுங்கும்போது டேங்குக்குள் ஏதோ அலம்புவதும் கேட்டது. "மாப்ள..." என்று வாயைத் திறந்தவன், முன்னால் பையோடு நடந்துபோகிற உங்கள் முதுகைப் பார்த்து மூடிக்கொண்டேன். ஓட்டி வந்தவர் நீங்கள். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் இடது கை கீழே போயிருக்கிறது. குழாயை அடைத்தாலும் சற்று தூரம் ஓடித்தான் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இருக்கிற பெட்ரோலில் எதுவரை ஓட்டலாம் என்று பலருக்கும் தெரியும். எங்கே நிறுத்துவது என்று நீங்கள் ஒருவர்தான் தெரிந்து வைத்திருந்தீர்கள்.

பங்கில் பெட்ரோல் போட்டதும் நீங்களே குனிந்து குழாயைத் திருப்பினீர்கள். "வண்டிய அவன் ஓட்டட்டுமுங்க. நான் பஸ்ஸுல வாரேன்" என்றீர்கள். மாப்பிள்ளை என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் சரசுவைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "உங்கப்பனுக்கு வண்டியே குடுக்காத" என்பதுதான். அவள் சிரித்துவிட்டாள். குழந்தையை நீட்டினாள்.

நீங்களும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சம்பந்திகள் அல்லவா, எப்படிக் கேட்பது? நேரில் வராத வார்த்தை இப்போது கையில் வருகிறது. நான் பார்த்தேன், சம்பந்தி. அன்றே பார்த்தேன்.

உங்கள் காரியத்தன்று வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை இந்தக் கதையைத்தான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு நான் மட்டும் இல்லீன்னா ரெண்டு பேரும் போத்தனூருலயே கெடந்திருப்பாங்க. வண்டியில சொட்டுப் பெட்ரோல் இல்லீங்க. நீங்களே சொல்லுங்க மாமா, இருந்துச்சுங்களா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொட்டுக்கூட இல்லீங்க மாப்ள" என்றேன்.