சுவரைத் தாண்டாத தண்ணீர்

பிப்ரவரி 9

சுருட்டை,

இன்று காலையும் உங்கப்பா, தண்ணீர்ச் சுண்ணாம்பை எடுக்கிற அந்த உப்பு மிஷினின் பொத்தானை அமுக்கினார். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே கடகடவென்று ஓடி, பிறகு அந்தச் சீறல். பின்சுவர் ஓட்டையில் கழிவுக் குழாய் கக்குவது சமையலறை வரை கேட்கும். அந்த உப்புத் தண்ணீர் சரிவில் இறங்கிப் பின்வீட்டுச் செடிக்காரன் தோட்டத்துக்குள் போகும். போகட்டும் என்றுதான் அமுக்குகிறார்.

"ஏங்க, அவன்தான் ஜெயில்ல கிடக்கானே. யாருக்கு ஊத்துறீங்க?"

"மண்ணுக்கு. அவன் திரும்பி வந்தா அங்க ஒரு புல்லு இருக்கக் கூடாது."

உன்னை அடித்த மண்வெட்டியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. நீ விழுந்த இடத்தைக் கொண்டுபோக முடியாதே. குழாயின் வாய்க்கு நேர் கீழே அது. உன் ரத்தம் குடித்த மண்ணின் மேல்தான் தினமும் அந்தத் தண்ணீர் ஓடுகிறது. உன்னைக் கழுவிக் கழுவி அவன் தோட்டத்துக்கே அனுப்புகிறோம்— இதைக்கூட யோசிக்க மாட்டாரா அந்த மனுஷன்?

பிப்ரவரி 11

வக்கீல் போன் செய்தார். அடுத்த மாதம் செடிக்காரனுக்கு ஜாமீன் கிடைத்துவிடுமாம். கோபத்தில் செய்தது, திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று அவன் பக்கத்தில் பேசுகிறார்களாம். கோபத்தில் அடித்தால் உயிர் பாதிதான் போகுமா?

உங்கப்பா போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீ போனதிலிருந்து அவர் இப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

"வரட்டும்," என்றார். "தண்ணிய நிறுத்துன்னு கத்திக்கிட்டு மறுபடி குழாய்கிட்ட வருவான்ல. அங்கயே இருப்பேன்."

பிப்ரவரி 12

உன் தலைமுடிக்காக வந்த மிஷின் அது. கண்ணாடி முன்னால் நின்று சீப்பில் வந்த முடியைப் பார்த்துப் பார்த்து நீதான் புலம்பினாய். "பேரு சுருட்டை, தலை சொட்டைன்னு பொண்ணு வீட்டுல சொல்ல முடியுமா?" என்று உன் மாமா கிண்டல் செய்தான். நம் தண்ணீரும் சுண்ணாம்பு மாதிரிதானே. ஷவர் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டது. ஹீட்டர் கம்பி கல்லாய் இறுகி ஒருநாள் வெடித்தது. அப்புறம்தான் உங்கப்பா இதை வாங்கிப் போட்டார். உள்ளே இருக்கிற மணிகள் சுண்ணாம்பைப் பிடித்துவைக்கும். மணிகளை உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவின தண்ணீர் வெளியே போக வேண்டும். போயிற்று. செடிக்காரன் விற்க வைத்திருந்த நாற்றெல்லாம் கருகிற்று, எலுமிச்சை மரங்கள் நின்றபடியே செத்தன. வந்து சொன்னான். கத்தினான். கடைசியில் மண்வெட்டியோடு வந்தான். சமாதானம் பேச நீ போனாய்.

மிஷினை நான் நிறுத்திப் பார்த்தேன். உங்கப்பா மறுபடி திறந்துவிட்டார். "ஹீட்டர் மறுபடி வெடிச்சா உன் தலையிலதான் வெடிக்கும்" என்று ஒரு சாக்கு. அந்தச் சாக்கையும் பிடுங்க வேண்டும். உப்பு கேட்காத மிஷின் ஏதாவது இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் சுவரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவன் வருவான், வந்தால் இவர் அடிப்பார். அப்புறம் இவர் ஜெயிலுக்குப் போக வேண்டும், இல்லை உன் பக்கத்தில் வந்து படுக்க வேண்டும்.

அவன்மேல் இரக்கப்படுகிறேன் என்று நினைக்காதே. அவனை நாய் கடித்துக் குதறினாலும் நான் கல் எடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 15

வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, தண்ணீர் மிஷின் விற்கிற பெரிய கடைக்குப் போனேன். கடைப்பெண் சின்னவள், மூச்சு விடாமல் பேசுகிறாள். முதலில் ஒரு வடிகட்டியைக் காட்டினாள்.

"இது எல்லாத்தையும் எடுத்துடும்மா."

"எடுத்தது எங்க போகும்?"

"வேஸ்ட் தண்ணியா வெளிய போயிடும்."

"வேண்டாம்."

"அப்ப பழைய மிஷினே இருக்கட்டும்மா, அந்த உப்புக்குப் பதிலா இந்த உப்பைப் போடுங்க. பொட்டாசியம். செடிக்கு நல்லது."

செடிக்கு நல்லது என்றாள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. மேஜையில் ஓங்கி அறைந்தேன். அதன் மேலிருந்த கண்ணாடிக் குப்பி உருண்டு விழுந்து சுக்குநூறாயிற்று. "யாரு செடிக்குடி நல்லது? சொல்லுடி, யாரு செடிக்கு?" என்று கத்துகிறேன். கடையே திரும்பிப் பார்க்கிறது. பாவம், அந்தப் பெண் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். "உங்களுக்கு யாரும்மா போயிட்டாங்க?" என்று மட்டும் கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாளோ.

பிப்ரவரி 17

உன் மாமா இரண்டு காந்தம் கொண்டுவந்து தண்ணீர்க் குழாயில் மாட்டினான். "இதத் தாண்டிப் போனா சுண்ணாம்பு பயந்துபோய் எங்கயும் ஒட்டாதுக்கா."

"உன் மூஞ்சியப் பாத்துப் பயப்படாத சுண்ணாம்பா இதப் பாத்துப் பயப்படும்?" என்றேன். சிரித்துவிட்டேன், சுருட்டை. வாய் சிரித்ததும் அதைக் கிழித்துக்கொள்ளலாமா என்று வந்தது.

பிப்ரவரி 23

காந்தம் மாட்டியும் கெட்டிலில் அதே வெள்ளை ஓடுதான். கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். உங்கப்பா வந்து பார்த்தார். விறுவிறுவென்று போய்க் காந்தத்தைப் பிடுங்கி உன் மாமாமேல் எறிந்தார். புருவம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"மச்சான், கண்ணு போயிருக்கும்!"

"போகட்டும். எனக்கு மொத்தமாப் போச்சுல்ல."

உன் மாமா துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். சுவரில் அவன் கைத்தடம் ஐந்து விரலோடு சிவப்பாக இருந்தது. தேய்த்தேன். முழுதாகப் போகவில்லை.

பிப்ரவரி 24

கனவில் மண்வெட்டி என் கையில் இருந்தது. விழித்தபோது ஏமாற்றமாக இருந்தது.

பிப்ரவரி 26

பின்சந்தில் செடிக்காரன் பெண்டாட்டி கருகின நாற்றுத் தொட்டிகளை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தாள். பார்க்காமல் போயிருக்கலாம்.

"அக்கா, இன்னும் எதுக்கு ஊத்துறீங்க? செத்ததையே எத்தன தடவ சாகடிப்பீங்க?"

"அக்கான்னு கூப்பிடாத. நாக்க அறுத்துருவேன்."

"அது எங்க சோறுக்கா. செடிதான் எங்களுக்குச் சோறு."

"செடி செத்துச்சு, எம்புள்ள செத்தான். ரெண்டும் ஒண்ணாடி? ஒண்ணா?"

யார் முதலில் கை வைத்தது என்று கேட்காதே. அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவள் என் தோளில் பல் பதியக் கடித்தாள். தொட்டி ஒன்று உடைந்து அந்த ஓடு இரண்டு பேரையும் கிழித்தது. யாரும் விலக்க வரவில்லை. மூச்சு தீர்ந்துபோய் இரண்டு பேரும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். மண்ணே தெரியாமல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கீறல்களில் அது பட்டு எரிந்தது. அவளுக்கும் எரிந்திருக்கும்.

"எங்காளு வந்தா உங்க வீட்டுக்காரரு விடமாட்டாரு," என்றாள். "இந்தத் தண்ணியப் பாத்தா எங்காளும் சும்மா இருக்க மாட்டாரு. நான் என்னக்கா செய்வேன்?"

விரலில் சிக்கியிருந்த அவள் முடியை உதறிவிட்டு வந்தேன்.

மார்ச் 1

குழாய்க்காரரை வரச் சொன்னேன். வயசானவர், எதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். உப்பு மிஷினைத் திறந்து பார்த்தார்.

"இது தானாவே வாரம் ஒரு தடவ கழுவிக்கும்மா. உப்பு இப்படித் தீர்ந்திருக்கே, யாரும் கையால அமுக்கிறீங்களா?"

"அவருதான். தினமும் காலைல."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, சுருட்டை. எவ்வளவு கழுவுகிறோமோ அவ்வளவு நல்ல தண்ணீர் வரும் என்று அவராக நினைத்துக்கொண்டார். நீ குளிக்கப் போகுமுன் தினமும் அமுக்குவார், என் புள்ள தலைக்குப் புதுத் தண்ணி என்று. அப்போதிருந்தே அத்தனை உப்பும் அங்கேதான் போயிருக்கிறது. உங்கப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

குழாயைச் சுற்றிக் கம்பி கட்டி கரண்ட் விடும் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். "சில வீட்டுல பலன் இருக்குன்னு சொல்றாங்க, சில வீட்டுல ஒண்ணுமில்ல. நான் மாட்டிட்டு உங்ககிட்ட திட்டு வாங்க மாட்டேன்" என்றார். பிறகு இன்னொன்று சொன்னார். ஒரு தொட்டி, உள்ளே வேறு மாதிரி மணி. அது சுண்ணாம்பை எடுக்காதாம். பொடிப் பொடியாக்கி, எங்கேயும் ஒட்டாமல் தண்ணீரோடு அனுப்பிவிடுமாம். உப்பு இல்லை, பொத்தான் இல்லை.

"ஆனா ஒண்ணு, சோப்பு முன்ன மாதிரி நுரைக்காது. பாத்திரத்துல வெள்ளப் புள்ளி நிக்கும், துடைச்சா போயிடும். சில வருஷம் ஆனா மணிய மாத்தணும். தண்ணில இரும்பு இருந்தா மணி கெட்டுடும், அதப் பாத்துட்டுத்தான் மாட்டணும்."

"வெளிய ஏதாவது போகுமா?"

"ஒரு சொட்டு போகாது."

"அப்ப அதையே மாட்டுங்க."

மார்ச் 2

தெரிந்தால் அடங்குவார் என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி.

உப்புத் தொட்டியில் தலையை மோதிக்கொண்டார். நெற்றி வீங்கும் வரை. "செடியக் கொன்னவன் நானு. அவன் என்னையில்ல வெட்டியிருக்கணும்? ஆளு மாறி அடிச்சுட்டானே. அதுக்கே அவன உரிக்கணும்" என்கிறார். குற்றமும் அவரைத்தான் குத்துகிறது, கத்தியும் அவர் கையில்தான் இருக்கிறது. இதை நான் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்ல?

மார்ச் 5

புதுத் தொட்டி வந்தது. தண்ணீரில் இரும்பு இல்லையாம். குழாய்க்காரர் பழையதைக் கழற்றும்போது உங்கப்பா புது உப்பு மூட்டையோடு உள்ளே வந்தார். "மாட்டு. திரும்ப அதையே மாட்டுய்யா" என்று அவர் சட்டையைப் பிடித்தார்.

நான் சுத்தியலை எடுத்தேன். உப்புத் தொட்டியை அடித்தேன். பிளாஸ்டிக் சுலபத்தில் உடையாது, தெரியுமா? குதித்துக் குதித்துத் திரும்பியது சுத்தியல். விடவில்லை. வயிறு பிளந்து உப்புத் தண்ணீர் சமையலறை முழுக்க ஓடிற்று. செத்துத் தொலை, செத்துத் தொலை என்று அதைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். குழாய்க்காரர் அப்புறம் சொன்னார்.

உங்கப்பா உப்பில் வழுக்கி உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நனைந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்காரர் பின்சுவர் ஓட்டையில் சிமெண்ட் வைத்துப் பூசினார். முடிந்தது என்று நினைத்தேன்.

மார்ச் 11

அவன் வந்துவிட்டான்.

சந்தில் ஆட்டோ நின்ற சத்தம். உங்கப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்புத் தடியை எடுத்தார். எப்போது கொண்டுவந்து வைத்தாரோ. காலில் விழுந்தேன்.

"குழாயே இல்ல, தண்ணியே இல்ல. அப்புறம் எதுக்குங்க போறீங்க?"

"தண்ணிக்காடி போறேன்?"

அதுதான். அந்த ஒரு வார்த்தையில் என் புது மிஷின், என் அலைச்சல் எல்லாம் தூசி. அவர் தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்தார். குழாய்க்காரர் மறந்து விட்டுப்போன பெரிய ஸ்பேனர் ஜன்னல் கட்டையில் இருந்தது. எடுத்தேன். யோசிக்கவில்லை. பொய், யோசித்தேன். தலை வேண்டாம், கால் வேண்டாம் என்று யோசித்துத்தான் அடித்தேன். தாழ்ப்பாளோடு சேர்த்து அந்தக் கைமேல். ஒன்று. அவர் விடவில்லை. இன்னொன்று.

எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த குச்சி மாதிரி இல்லை. ஈரக் குச்சி மாதிரி இருக்கிறது.

தடி கீழே விழுந்தது. கத்தினது நான்தான், அவரில்லை. அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வலிக்குதுடி" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. மடியில் போட்டுக்கொண்டேன். வெளியே அவன் வீட்டுக் கதவு திறந்து மூடினது கேட்டது.

மார்ச் 12

ஆஸ்பத்திரியில் உங்கப்பா வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

மார்ச் 20

ஊட்டிவிட்டால் வாயைத் திறக்கிறார். பேச மாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 27

கட்டுப் பிரித்துவிட்டார்கள். இரண்டு விரல் மடங்கவில்லை. இனி முழுசாக மடங்காது என்கிறார் டாக்டர்.

புதுத் தண்ணீர் பரவாயில்லை. கெட்டிலில் வெள்ளைத் தூள் நிற்கிறது, துணி பட்டதும் வந்துவிடுகிறது. சோப்புதான் சண்டை. இன்று அவர் முதுகைத் தேய்க்கும்போது, "நுரையே வரல, என்னத்தத் தேய்க்கிற? சட்டியா வெளக்குற?" என்றார். "அடியில புடிச்சிருக்கு, விடுங்க" என்றேன். இத்தனை நாளில் எங்களுக்குள் வந்த முதல் பேச்சு.

சாயங்காலம் செடிக்காரன் பெண்டாட்டி சந்தில் வந்து, சிமெண்ட் பூசின இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் வெட்டத் தொடங்கினான், செத்த மேல்மண்ணையெல்லாம் வெட்டி அள்ளுகிறான் போல. சுவர் இருக்கிறது, முகம் தெரியவில்லை. சத்தம் மட்டும். மண்ணில் இறங்குகிற சத்தம்.

உங்கப்பா பின்படியில் டீயை இடது கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் மடியில் கிடந்த வலது கை மூடப் பார்த்தது. மூன்று விரல் மடங்கிற்று, இரண்டு நீட்டிக்கொண்டு நின்றது. மறுபடி. மறுபடி. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் கையை அப்படியே விட்டுவிட்டார். "டீ ஆறிப்போச்சு" என்று என்னிடம் நீட்டினார்.

சுட வைத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவன் இரண்டு கையாலும் வெட்டிக்கொண்டே இருந்தான்.

சுருட்டை, நான் உடைக்க வேண்டிய கை இதுதானாடா?