கூட்டி எழுதிய சென்டிமீட்டர்கள்

ஜூன் 9, திங்கள்

மழை பிடித்துவிட்டது. மாலையில் குலாபி வந்தாள், மடியில் பீடி இலைத் தூள் ஒட்டியபடி. அவள் மகள் பவ்யா ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். வயது பதினாறு, பார்த்தால் பத்துதான் சொல்லலாம். ஓயாத தலைவலியாம்.

"பள்ளிக்கூடத்துல எடுத்த உயரக் கணக்கு இருந்தா கொண்டாரச் சொல்றாரு டாக்டரு. நீங்கதானே மேஷ்ட்ரே வருசாவருசம் கதவோரம் நிக்க வெச்சு அளந்தீங்க?"

நான்தான்.

ஜூன் 10

பதிவேடு பள்ளியில் கிடைத்தது. நகல் எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்து அப்போது என்ன அழகு!

ஜூன் 14

குலாபி அழுதுகொண்டு வந்தாள். பத்து வயதுவரை சரியாக வளர்ந்த பெண் அதன்பிறகு நின்றுபோயிருக்கிறாள், தலைவலி வேறு இருக்கிறது, மூளையில் கட்டியாக இருக்கலாம் என்றாராம் டாக்டர். என் எண்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். ஸ்கேனுக்கு மங்களூர் போகவேண்டும்.

"தலையத் தொறப்பாங்களா மேஷ்ட்ரே?"

பவ்யா முந்திக்கொண்டாள். "தொறந்தா உள்ள ஒண்ணும் இருக்காதும்மா. கணக்குப் பரீட்சையிலயே மேஷ்ட்ரு கண்டுபிடிச்சிட்டாரு."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

ஜூன் 15

காலையிலிருந்து அந்த நான்கு எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் வகுப்பில் 110. அது உண்மை. மூன்றாம் வகுப்பில் அளந்தபோது 112தான் வந்தது. மற்ற பிள்ளைகள் ஐந்து, ஆறு என்று வளர்ந்திருந்தார்கள். இவள் கூனி நின்றிருப்பாள் என்று நினைத்து 116 எழுதினேன். மறுவருடம் அளந்தால் 115! எழுதியதைவிடக் குறைவு. பிள்ளை தேயுமா? 122 என்று எழுதினேன். ஐந்தாம் வகுப்பில் 118 வந்தது. 128 ஆக்கினேன்.

கூட்டலில் முதல் படி தப்பினால் பையன் கடைசிவரை அந்தத் தப்பையே ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு போவான். எத்தனை நோட்டில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன்!

சொல்லியாக வேண்டும். குலாபி முகத்தைப் பார்த்துக்கொண்டா? — ஆமாம், பார்த்துக்கொண்டுதான்.

ஜூன் 17, மங்களூர்

சொன்னேன்.

இங்கிருக்கும் டாக்டரம்மா கோபப்படவில்லை. "அப்போ நடுவுல நிக்கல. சின்னதுலேருந்தே மெதுவாத்தான் வளர்ந்திருக்கா" என்று பவ்யாவைத் திருப்பிக் கழுத்தைப் பார்த்தார். காதிலிருந்து தோள்வரை விரிந்த தோல். பிடரியில் தாழ இறங்கிய முடி. பிறந்தபோது பாதம் வீங்கியிருந்ததா? ஆமாம். காதில் சீழ்? அடிக்கடி. மாதவிலக்கு? இன்னும் இல்லை. கையில் ரத்த அழுத்தம் அதிகம். காலில் நாடியைத் தேட வேண்டியிருந்தது.

ஐந்து வருடமும் முன்பெஞ்சில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிள்ளை. "என்ன மேஷ்ட்ரே?" என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். கவனமில்லை என்று திட்டியிருக்கிறேன். காதுதான் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் குலாபி கேட்டாள்: "எம்பொண்ணு வளரலேன்னு உங்களுக்குத் தெரியும். எங்கிட்ட ஏன் சொல்லல?"

பேருந்தில் வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

ஜூலை 8

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று பவ்யா போன் செய்தாள். டாக்டரம்மாவிடம் நானே கேட்டுக்கொண்டேன். டர்னர் என்று பெயர். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு வேண்டும், இவளுக்கு ஒன்றுதான். பிறவியிலேயே வந்தது, யார் குற்றமும் இல்லை என்றார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கிறது. தலைவலி அதனால்தான். அதைச் சரிசெய்துவிடலாம். குழந்தை பிறப்பது கடினம். எட்டு வயதில் வந்திருந்தால் வளர்ச்சிக்கு ஊசி போட்டிருக்கலாம். இனிப் போட்டாலும் பெரிதாகப் பலனிருக்காது.

எட்டு வயது. மூன்றாம் வகுப்பு.

யார் குற்றமும் இல்லையாம்.

ஜூலை 23

ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாம். பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

செப்டம்பர் 2

பவ்யா தனியாக வந்தாள். தலைவலி விட்டுவிட்டது. கையில் டேப்பும் புது நோட்டும்.

"மாசாமாசம் உயரம் எழுதிட்டு வரச் சொன்னாங்க மேஷ்ட்ரே."

"அம்மாவுக்குத் தெரியுமா, இங்க வந்தது?"

"அம்மாதான் அனுப்பிச்சு. பேசமாட்டேன், அளக்கட்டும்னு சொல்லிச்சு."

கதவு நிலையோரம் நிறுத்தினேன். குதிகால் ஒட்டி, பார்வை நேராக. தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன்.

"அஞ்சு சேர்த்துப் போட்டுக்குங்க மேஷ்ட்ரே. உங்களுக்கென்ன, புதுசா?"

அவள்தான் சிரித்தாள். நான் மறுபடி ஒருமுறை அளந்தேன்.

133. ஜூனில் மங்களூரில் அளந்தபோதும் அதுதான்.

அதையே எழுதினேன்.