கன்னம் உப்பிய பொம்மை

போன வாரம் வேப்பூர் டீக்கடையில் உன் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். கல்லாப்பெட்டி மேல் பொம்மையாக உட்கார்ந்திருந்தது. இரட்டைச் சடை, மடியில் சிலேட்டு, சிலேட்டில் ஊதுபத்தி செருக ஒரு ஓட்டை. நீ செய்தபோது ஒரு சாண் உயரம். இது அதில் பாதிதான். உப்பிய கன்னமும் மழுங்கிக் கிடந்தது. "பல்லு வலி பொம்ம சார்" என்றார் கடைக்காரர். பையிலிருந்த ஸ்கேலை எடுத்து அளந்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

சுட்ட பொம்மையிலிருந்து அச்சு எடுத்து, களிமண் கூழை ஊற்றிச் சுட்டால், அடுத்தது பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதிலிருந்து இன்னொருவன் எடுத்தால் இன்னும் கொஞ்சம். கணக்குப்படி ஆறேழு கை மாறியிருக்கிறது. நீ போய் மூன்று வருஷமாகிறது. அந்த முகம் மட்டும் எங்கெங்கோ சூளைகளில் வெந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது. டீயைக் குடிக்க முடியவில்லை.

பத்தாவது வரை நமக்கு ஒரே பெஞ்சு. பிறகு நான் செராமிக் டிப்ளமாவுக்குப் போனேன், நீ தொழிற்பேட்டையில் பொம்மை அச்சுப் பட்டறைக்குப் போனாய். அதிலிருந்து எனக்குப் பெயரே டிப்ளமா. உன் தங்கச்சி அப்போது ஆறாவது. முட்டாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அதை அப்படியே களிமண்ணில் பிடித்தாய், நோட்டுக்குப் பதில் மடியில் ஒரு சிலேட்டு வைத்து.

"அசையாம குந்துடி. மூக்கு கோணிக்கிச்சுன்னா அப்புறம் என்ன கேக்காத."

"இன்னொரு முட்டாய் குடு, அசையல."

தாய் அச்சு எடுத்து நாலே நாலு பொம்மை ஊற்றினாய். ஒன்று அவளுக்கு.

ஊரைச் சுற்றி இத்தனை சூளை இருக்கிறது. ஆனால் முகம் செய்கிறவனுக்கும் பீங்கான் பியூஸ் கட்டை அழுத்துகிறவனுக்கும் இங்கே ஒரே கூலி. நீ குஜராத் பீங்கான் கம்பெனிக்கு ரயில் ஏறினாய். ஜங்ஷனில் வைத்து, சாக்கில் சுற்றிய அச்சை என் கையில் கொடுத்தாய். "உங்க வூட்டுப் பரண்ல வையி. வந்து சொந்தமா ஷெட்டு போட்டு மொதல்ல இதத்தான் ஊத்துவேன். எவனுக்கும் காட்டாத டிப்ளமா." அங்கிருந்து போன் செய்தால் சிரிப்புதான். "வந்ததுலேருந்து கக்கூஸா செஞ்சிட்டிருக்கேன்டா. ஒரு கண்ணு இல்ல, ஒரு மூக்கு இல்ல. எல்லாம் வாயாவே இருக்குது."

அடுத்த வருஷம் நான் சூப்பர்வைசராக இருந்த யூனிட்டில் ஆர்டர் இல்லை. வர்ணம் தீட்டும் பன்னிரண்டு பெண்களையும் நிறுத்தப் போவதாக முதலாளி சொன்னார். பரணில் ஒரு நல்ல அச்சு சும்மா கிடக்கிறதே என்று எனக்குப் பட்டது. ஒரே ஒரு சூளைச் சரக்குக்கு என்று எடுத்துப் போனேன். ஒரு போன் போட்டு உன்னைக் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. வெறும் பொம்மை விலை போகாது என்று, ஈரம் காயுமுன் ஒவ்வொரு சிலேட்டிலும் ஊதுபத்திக்கு ஓட்டை போட்டேன். சரக்கு மொத்தமும் வெளியூர் போனது. அந்தப் பெண்கள் வேலையில் நீடித்தார்கள். அச்சைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டேன். தப்பு செய்ததாக அப்போது தோன்றவே இல்லை.

பொங்கலுக்கு நீ ஷெட் போடும் முடிவோடு வந்தாய், லோனுக்குக்கூட எழுதிக் கொடுத்துவிட்டு. இரண்டாம் நாள் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாய். திட்டக்குடியில் ஒரு பேன்சி கடையில் வாங்கியது.

"இது என்னுது இல்ல. என்னுதோட பேத்தி. ரெண்டு தரம் சுருங்கியிருக்குது." விரலை வைத்து அளந்தே சொன்னாய். "ஓட்ட வேற போட்டிருக்கான் பாரு, மடையன்."

நான் பொம்மையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன்.

"அச்சு பரண்லதான இருக்குது?"

"இருக்குது."

"அப்ப அந்தக் கழுததான் அவ பொம்மைய எவளுக்கோ குடுத்திருக்கா."

கொடுத்துத்தான் இருந்தாள், அந்தப் பேன்சி கடைக்காரரின் மகளுக்கு. இருவரும் ஒன்பதாவதில் ஒரே வகுப்பு. அன்று சாயங்காலம் நீ அவளை அடித்தாய். மறுநாள் என்னிடம் வந்து, "கை நீட்டிட்டேன்டா, மனசு கேக்கல" என்றாய். "விடுடா" என்றேன். எல்லாக் கடையிலும் பாதி விலைக்குக் கிடைக்கிற பொம்மையை நம்பி யார் ஷெட் போடுவார்கள்? திரும்பவும் கக்கூஸ் செய்யப் போனாய். மழைக்காலத்தில் உன் அறைக்காரன் போன் செய்தான். காமாலை முற்றிவிட்டதாம். நாங்கள் வந்து சேருமுன் அங்கேயே எரித்துவிட்டார்கள்.

துக்கம் கேட்கப் போன நாள்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. "இவ அந்தப் பொம்மைய குடுக்காம இருந்திருந்தா எம்மவன் இங்கயே இருந்திருப்பான்" என்று உன் அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. நான் வாங்கி நீட்டினேன். குடித்தார்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தூங்கினாலும் விழித்தாலும் அந்தச் சொம்பு கைமாறிக்கொண்டே இருக்கிறது.

நேற்று அவள் யூனிட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். கையில் டிப்ளமா விண்ணப்பம்.

"எப்படி எழுதறதுன்னு சொல்லுங்கண்ணே. அம்மா வேணாங்குது. ஒரு பொம்மைய காப்பாத்தத் தெரியல, உனக்கெதுக்குடி பொம்மப் படிப்புன்னு கேக்குது." சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிச் சொல்லிப் பழகிய சிரிப்பு.

"கடைங்கள்ல விக்கற பொம்மையில ஓட்ட இருக்குமே, பாத்திருக்கியா?"

"ம்."

"உன் பொம்மையில?"

"இல்ல."

"அந்த ஓட்டைய போட்டவன் நான். அச்ச வெளிய எடுத்தவனும் நான்தான். உன் பொம்மைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

விண்ணப்பத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமயே போயிடுச்சு." பிறகு, "எங்கம்மா இன்னிக்கும் என் கையால தண்ணி வாங்கறதில்ல. நான் சொன்னா நம்பாது. நீங்க வந்து சொல்லுங்க" என்றாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அச்சை அவளிடம் ஒப்படைத்துவிடலாம். உன்னிடம் "இருக்குது" என்று சொன்னேனே, அதை யாரிடம் ஒப்படைப்பது? அது என்னோடுதான் கிடக்கும்.

நாளை காலை கருவேப்பிலங்குறிச்சியில் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். என்னைப் பார்த்ததும் உன் அம்மா, "வாப்பா, எம்மவனையே பாத்த மாதிரி இருக்குது, குந்து, சாப்புடு" என்பார்கள். எப்போது போனாலும் அப்படித்தான். தட்டு வந்துவிட்டால் எனக்கு வாய் வராது. ஒவ்வொரு முறையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நாளை வாசலில் செருப்பைக் கழற்றுமுன் சொல்லிவிட வேண்டும்.