அவ டல் மிஸ்

நீ பரிசாக வாங்கிய ஆங்கிலம்-தமிழ் அகராதி இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று உன் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் இன்னும் உன் பெட்டியின் அந்துருண்டை வாசனை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரவிக்கைத் துணிக் கடையில் நான் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். யாரோ ஒரு அம்மாள், "பளபளன்னு வேணாம்மா, டல் கலரா காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வருஷம் அதுதான் ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா வந்தார். காய்ச்சலில் நீ போய் ஆறு மாதம். அதற்குள் பாதியாக இளைத்துவிட்டார்.

"அவ பொட்டில இருந்திச்சி. எங்க வூட்ல யாரு படிக்கப் போறாங்க? நீயே வச்சிக்கோ" என்றவர், முதல் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். "இதுல இன்னா எழுதிகீது? கொஞ்சம் படிச்சிக் காட்டேன்."

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஏழாம் வகுப்பிலும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பாடத்தைப் படிக்கச் சொல்லி மிஸ் எழுப்பினார். பாடம் தெரியும், எல்லோரும் பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை. நீ எழுந்து, "அவ டல் மிஸ், வுட்ருங்க" என்றாய். வகுப்பே சிரித்தது. உட்கார்ந்ததும் என் கையைக் கிள்ளினாய். "எப்டி காப்பாத்தினேன் பாத்தியா? நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கறேன்." எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம் வந்த ஒவ்வொரு டீச்சரிடமும் நீ அதையே சொன்னாய். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

நம் ஏரியைப் பற்றி ஆங்கிலக் கட்டுரைப் போட்டி வந்தது. நான் எழுதினேன். நீ அதை மனப்பாடம் பண்ணிப் போய் உன் பெயரில் எழுதினாய். முதல் பரிசு, இந்த அகராதி. "மேடைக்கு உன்னக் கூப்ட்டா மயக்கம் போட்டுடுவ டி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ஒன்பதாவது முடிந்ததும் பள்ளியில் என் நைனாவைக் கூப்பிட்டு, பொண்ணு டல், பத்தாவது தாண்டாது என்று சொல்லிவிட்டார்கள். நைனா நம்பவில்லை. பள்ளி வாசலில் உன்னை நிறுத்திக் கேட்டார்.

"நீ கூடவே குந்திக்கினு கீற. சொல்லும்மா, இவ மெய்யாலுமே டல்லா?"

நீ என் முகத்தைப் பார்த்தாய். ஏரிக் கட்டுரை உனக்கு நினைவு வந்தது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்ப்பா" என்றாய்.

அந்த மாதமே நான் கடைக்கு வந்துவிட்டேன்.

நேற்று, நாலு பேர் முன்னால், படித்தேன். ஆங்கிலக் கட்டுரை, முதல் பரிசு, அதன் கீழே உன் பெயர். ஓரிடத்திலும் திக்கவில்லை. உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ உன்ன டல்லுன்னு சொல்லிக்கினே இருப்பா. நல்லாத்தானே படிக்கிற!"

வீட்டிலுமா சொன்னாய்? அங்கே எந்த மிஸ்ஸிடமிருந்து என்னைக் காப்பாற்றினாய்?

இன்று காலை அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். அந்தப் பக்கமும் அடுத்த பக்கமும் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டியிருந்தன. துணி வெட்டும் கத்திரியால் பிரித்தேன். மந்தமான, மழுங்கிய, ஒளி குன்றிய. அது எங்கிருந்து வந்தது என்று போனில் பார்த்தேன். நிறத்துக்குச் சொன்னதைத்தான் பிறகு மனிதருக்கும் சொன்னார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். புத்தியில்லாதவர் என்று மனிதரைத்தான் முதலில் சொன்னார்களாம். கத்தி முனைக்கும் துணி நிறத்துக்கும் அப்புறம்தான் போனதாம். யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் காட்டித்தான் அதை ஆரம்பித்திருக்கிறார்.

நீ அந்தப் பக்கத்தை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

அடுத்த வாரமும் வருவதாக உன் அம்மா சொன்னார். இன்னொரு வாட்டி படித்துக் காட்டணுமாம். படிப்பேன். ஏரிக் கட்டுரையை எழுதியது யார் என்று சொல்ல மாட்டேன். உன் பெயர் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்துவேன். அது கூச்சம் இல்லை.